கயிற்றின் மறுமுனை

கயிறு முதலில் இறுகியது. குரல் அதற்குப் பிறகுதான் வந்தது. வந்த குரலும் தப்பான வார்த்தையைச் சொன்னது.

துமேங்குக்கு வயது ஐம்பத்தெட்டு. பாறையில் கை வைத்து ஏறுவது அன்றுதான் முதல் தடவை. அதனாலேயே அந்த நான்கு வார்த்தைகளையும் பரீட்சைக்குப் போகிற பையனைப் போல மனப்பாடம் செய்து வைத்திருந்தார். காலையில் மலைக்குடிலில் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டே மகள் செரைனா அவரை ஒப்பிக்க வைத்திருந்தாள். முன்னால் ஏறுகிறவர் மேலே ஒரு பாறைமுனையில் நாடாவை மாட்டி, அதில் தன்னைக் கொக்கி போட்டுக்கொண்டதும் 'நின்னாச்சு' என்பார். பிறகு தொய்வாகக் கிடக்கும் கயிற்றையெல்லாம் மேலே வாங்குவார். கயிறு தீர்ந்து கீழே இருப்பவரின் இடுப்பைச் சுண்டும். மாட்டியது பாறை இல்லை, ஆள்தான் என்று மேலே தெரிவதற்காகக் கீழே இருப்பவர் 'நான்தான்' என்பார். மேலிருந்து 'வாங்க'. கீழிருந்து 'வர்றேன்'. அதற்கு முன்னால் காலைத் தூக்கக் கூடாது.

அன்று மூன்று தடவை எல்லாம் அந்த வரிசைப்படியே நடந்தது. நான்காவது தடவை 'நின்னாச்சு' வரவில்லை. கயிறு சரசரவென்று பாறைமேல் ஏறிப் போய் அவர் இடுப்பில் இறுகி நின்றது. அவர் வாய் திறப்பதற்குள் மேலே மூடுபனிக்குள்ளிருந்து செரைனாவின் குரல் கேட்டது.

"நான்தான்."

அது அவர் சொல்ல வேண்டியது.

வாய் தவறியிருக்கும் என்று நினைத்தார். அவளுக்கும் இருபத்தேழு வயதுதானே, காலை ஐந்து மணிக்கு எழுந்தவள். "ஆமா, நான்தான்" என்று அவரும் சொல்லி வைத்தார். பனி பாறையில் திரண்டு, விளிம்பில் தொங்கி, ஒவ்வொரு சொட்டாக அவர் ஹெல்மெட்டில் விழுகிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு வந்தது.

"வாங்க."

"வர்றேன்" என்று சொல்லிவிட்டு அவர் ஈரப் பாறையில் கை வைத்தார்.

அவர் இந்த வம்புக்கு வந்ததே ஜியாக்கனால்தான். செரைனா மலை வழிகாட்டிப் பரீட்சையில் தேறி இரண்டு மாதம் ஆகியிருந்தது. அந்தப் பள்ளத்தாக்கிலிருந்து வழிகாட்டிச் சின்னத்தைச் சட்டையில் குத்திக்கொண்ட முதல் பெண் அவள்தான். விடுதியில் பத்துப் பேர் பீர் குடித்துக்கொண்டிருக்கும்போது, ரோப்வே ஓட்டும் ஜியாக்கன், "உன் அப்பாவே உன் கயித்துல கட்டிக்க மாட்டேங்கிறாரு, ஊரான் எவன்டி வந்து கட்டிப்பான்?" என்று கேட்டுச் சிரித்திருக்கிறான். அவள் வீட்டுக்கு வந்ததும் கழுவிய தட்டுகளையே இன்னொரு தடவை கழுவினாள். மறுநாள் துமேங் ஓட்டிய பஸ்ஸில் ஏறியவர்களில் மூன்று பேர் அவருக்கு அந்தக் கதையைச் சொன்னார்கள். அன்று சாயங்காலமே அவர் மகளிடம், செவ்வாய்க்கிழமை எனக்கு லீவு, ரம்பத்துக்குப் போகலாமா என்று கேட்டார். அவள் பழைய ஹெல்மெட் ஒன்றை எடுத்து அவர் தலைக்கு வாரை அளவு பார்க்க ஆரம்பித்தாள்.

ரம்பம் என்பது ஒரு முகடு. கணவாயிலிருந்து உச்சிவரை ஆறு பல், இருநூறு மீட்டர் உயரம். பத்து வயதுப் பிள்ளைகளுக்குப் பாறை பழக்குகிற இடம். காலோடு கையும் வேண்டும், அவ்வளவுதான். கயிறே இல்லாமல் ஏறி, உச்சியில் அக்ரூட் கேக் சாப்பிட்டுவிட்டு இறங்கி வருகிறவர்கள் பாதிப் பேர். குடிலைப் பார்த்துக்கொள்ளும் மெங்கியாகூட அன்று காலை பார்லி சூப் பானையைக் கழுவியபடி கேலி செய்தாள். "ஒவ்வொரு வளைவுலயும் 'பிடிச்சுக்கோங்க, பிடிச்சுக்கோங்க'ன்னு எங்க உயிர எடுத்தாருல்ல. இன்னைக்கு இவரு பிடிச்சுக்கட்டும்." அன்று முகட்டுக்கு வேறு யாரும் போகவில்லை என்றும் அவள்தான் சொன்னாள்.

முதல் மூன்று பற்கள் வெயிலில் போயின. உள்ளங்கைக்குக் கீழே பாறை அடுப்புக்கல் போல இதமாகச் சுட்டது. மஞ்சள் அலகுக் காக்கைகள் பக்கத்தில் வந்து, இவர் எந்த லட்சணத்தில் ஏறுகிறார் என்று பார்ப்பது போலத் தலையைச் சாய்த்துவிட்டுப் போயின. பத்து மணிக்கு மேல் வடக்குப் பக்கத்துப் பள்ளத்திலிருந்து மூடுபனி பொங்கி வந்தது. நான்காவது பல்லின் அடியில் அவரை நிறுத்திவிட்டு, சும்மா ஈரம்தான், அஞ்சு நிமிஷத்தில் கலைந்துவிடும் என்று சொல்லி செரைனா மேலே ஏறினாள். அவளுடைய ஆரஞ்சு ஹெல்மெட் மங்கி, ஒரு கறையாகி, இல்லாமல் போனது.

இப்போது அவர் அவள் போன வழியில் ஏறிக்கொண்டிருந்தார்.

ஏறுவது கஷ்டமாக இல்லை. கஷ்டமாக இருந்தது வேறு. இருபத்தாறு வருஷமாகப் பஸ் ஓட்டுகிற கை அவருடையது. பின்சக்கரம் எந்தக் கல்லில் ஏறுகிறது என்று ஸ்டியரிங்கிலேயே தெரிந்துகொள்ளும் கை. மூன்று ஏற்றத்திலேயே அவருக்கு மகள் கயிறு வாங்கும் விதம் பிடிபட்டிருந்தது. சின்ன வயதில் அவள் பால் குடிப்பதைப் போல, அவசர அவசரமாக இரண்டு இழுப்பு, பிறகு மறந்துபோய் ஒரு நிறுத்தம், பிறகு மறுபடி இரண்டு. இப்போது கயிறு அப்படி வரவில்லை. ஒரே சீராக வந்தது. அவர் ஒரு விரல் உயர்ந்தால் ஒரு விரல், ஒரு முழம் உயர்ந்தால் ஒரு முழம். மூச்சு வாங்க அவர் நின்றபோது அதுவும் நின்றது. கொஞ்சமும் தளராமல், கொஞ்சமும் கூடாமல்.

காக்கைகள் கத்தவில்லை. எப்போது நிறுத்தின என்று அவருக்கு ஞாபகம் இல்லை. ஈரப் பாறையின் வாசனைக்குள் இன்னொரு வாசனை இருந்தது. வருஷக்கணக்காகத் திறக்காத நிலவறையைத் திறந்தால் முதலில் முகத்தில் அடிக்குமே, அந்தக் குளிர்ந்த மண் வாசனை. அது மேலிருந்து இறங்கி வந்தது.

"செரைனா, இன்னும் எவ்வளவு தூரம்?"

"வாங்க."

"கை வலிக்குதா? வேணும்னா நிப்போம்."

"வாங்க."

இரண்டும் ஒரே 'வாங்க'. இழுப்பும் குழைவும் முடியும் இடமும் கொஞ்சம்கூட மாறவில்லை. பஸ் நிறுத்தத்தின் பேரைச் சொல்ல அவர் பொத்தானை அழுத்தும்போதெல்லாம் அந்தப் பதிவுசெய்த பெண் குரல் சொல்லுமே, அது போல.

அதை யோசித்துக்கொண்டே வைத்ததில் அவருடைய வலது கால் வழுக்கியது. முழங்கால் பாறையில் மோதியது. கயிறு பிடித்தது. நல்ல பிடி. அவர் தொங்கினார், அவ்வளவுதான், உயிர் போகிற விஷயம் இல்லை. ஆனால் பிடித்ததோடு அது நிற்கவில்லை. தொண்ணூற்றிரண்டு கிலோ மனிதரை, கால் எதிலும் படாமல், ஒரு அடி உயரத்துக்குத் தூக்கி, நிற்க வாகான ஒரு படியில் வைத்தது. மெதுவாக. சிந்தாமல் ஒரு கோப்பையை வைப்பது போல.

செரைனாவின் எடை ஐம்பத்தைந்து கிலோ.

அவர் பாறையில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றார். முழங்கால் விண்ணென்று தெறித்தது. மேலே யாரோ நிற்கிறார்கள். வேறொரு வழிகாட்டி எதிரே வந்து, அவளுக்கு உதவிக்குக் கை கொடுத்திருப்பான். இருவருமாக இழுத்திருப்பார்கள். அப்படித்தான் இருக்கும். அப்படித்தான் இருக்கும் என்று மனசுக்குள் நாலு தடவை சொல்லிவிட்டு மேலே ஏறினார்.

பத்தடிக்கு மேல் ஒரு திட்டு வந்தது. ஒரு ஆள் நிற்கலாம். பாறைமுனை ஒன்றில் செரைனாவின் நீல நாடா மாட்டியிருந்தது. அதில் கொக்கி தொங்கியது. கொக்கியில் யாரும் இல்லை. கயிறு அந்தத் திட்டைத் தொடாமல் இன்னும் மேலே, ஐந்தாவது பல்லின் செங்குத்தான முகத்தில் ஏறி வெள்ளைக்குள் போனது.

நாடாவை விட்டுவிட்டு எந்த வழிகாட்டியும் போக மாட்டார். நீங்க வந்து சேராம நான் அடுத்த அடி வைக்க மாட்டேன், உங்க முடிச்ச என் கண்ணால பார்த்துட்டுத்தான் கிளம்புவேன் என்று காலையில் சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லியிருந்தாள்.

கயிறு அவர் இடுப்பை லேசாகச் சுண்டியது.

அவர் அசையவில்லை.

மறுபடி சுண்டியது. பொறுமையாக.

அப்போது அவருடைய பூட்ஸில் ஒரு சின்னக் கல் வந்து பட்டது.

மேலிருந்து விழுந்த கல் இல்லை. இடது பக்கம், கீழே இருந்து வந்தது. இன்னொரு கல் வந்தது. அவர் திட்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார். இரண்டு ஆள் ஆழத்தில், துருத்திய பாறைக்கு அடியில் ஒரு பொந்து. அதற்குள் ஆரஞ்சு நிறம்.

செரைனா உட்கார்ந்திருந்தாள். ஒரு கால் போகக் கூடாத பக்கம் திரும்பியிருந்தது. ஒரு கையால் வாயை அழுத்திப் பொத்தியிருந்தாள். மறு கையில் மூன்றாவது கல். அவள் இடுப்பில் கயிறு இல்லை.

"அப்பா" என்றது மேலே இருந்த செரைனா. "வாங்க."

அவர் கீழே இருந்தவளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் உதடு அசையவில்லை. கண் மட்டும், அவர் முகத்திலிருந்து அவர் இடுப்பு முடிச்சுக்கும், முடிச்சிலிருந்து மேலே போகும் கயிற்றுக்கும், திரும்ப அவர் முகத்துக்கும் போய்ப் போய் வந்தது. பிறகு வாயைப் பொத்திய கையை எடுத்து, உதட்டின் மேல் ஒரு விரலை வைத்தாள். அந்த உள்ளங்கையில் தோல் இல்லை.

முடிச்சை அவிழ்க்கப் பார்த்தார். எட்டு வடிவ முடிச்சு. அவர் ஒருமுறை தொங்கியதில் இறுகிக் கல்லாகியிருந்தது. தளர்த்த ஒரு அங்குலமாவது தொய்வு வேண்டும். அதற்காகக் கால் நுனியில் எம்பினார். எம்பிய அளவை அது உடனே மேலே வாங்கிக்கொண்டது. இப்போது குதிகாலை இறக்க முடியவில்லை. செரைனா வெட்டுகிற கத்தி என்பது போல இரண்டு விரலை ஆட்டி, பிறகு கையை விரித்துக் கீழே பாதாளத்தைக் காட்டினாள். கத்தி இருந்த முதுகுப்பை அங்கே போயிருந்தது.

பட்டை. இடுப்பையும் தொடைகளையும் சுற்றி, கயிறு கட்டியிருந்த பட்டையையே கழற்றிவிட்டால்?

இடது கையால் நீல நாடாவைப் பிடித்துக்கொண்டார். வலது கையால் ஒரு தொடை வளையத்தின் பக்கிளை நெம்பினார். விட்டது. அடுத்த தொடை. விட்டது. இடுப்புப் பக்கிள்தான் மிச்சம். வாரைப் பின்னால் தள்ளினால்தான் அது இளகும். இழுப்பு கூடியது. அதற்குத் தெரிந்துவிட்டது. வயிற்றை எக்கினார். மூச்சை முழுக்க வெளியே விட்டார். வாரைத் தள்ளினார். இன்னும் ஒரு விரல். இன்னும் அரை விரல்.

பட்டை அவர் விலா எலும்பை உரசிக்கொண்டு கழன்றது.

மேலே பறந்து போகும் என்று எதிர்பார்த்தார். போகவில்லை. அவர் கண்ணுக்கு நேராக ஒரு கணம் தொங்கியது. காலி வளையங்கள் ஆடின. பிறகு, அவர் ஏறியிருந்தால் எந்த வேகத்தில் ஏறியிருப்பாரோ அதே வேகத்தில், அங்கங்கே நின்று நின்று, பாறையோடு மேலே போனது.

அவர் கயிறில்லாமல் இரண்டு ஆள் ஆழம் இறங்கினார். எப்படி இறங்கினார் என்று பின்னால் ஒரு நாளும் அவருக்கு ஞாபகம் வரவில்லை.

செரைனா அவர் கழுத்தைக் கட்டி இழுத்து, காதில் வாயை வைத்துச் சொன்னாள். குரல் இல்லாமல், வெறும் மூச்சால். அவள் திட்டில் நாடாவை மாட்டிவிட்டுக் கொக்கியைத் திறந்திருக்கிறாள். அதற்குள் இடுப்பில் கயிறு நழுவுவது தெரிந்திருக்கிறது. குனிந்து பார்த்தால் முடிச்சு இல்லை. அவள் அவிழ்க்கவில்லை. கயிற்றின் நுனி அவளுடைய முகத்தைத் தாண்டி மேலே போய்க்கொண்டிருந்தது. தாவிப் பிடித்தாள். அது உள்ளங்கைத் தோலை உரித்துக்கொண்டு போனது. நிலைதவறி இங்கே விழுந்தாள்.

"கத்தினேன்ப்பா. 'அப்பா, நான்தான், இங்க இருக்கேன்'னு கத்தினேன். பொந்துக்குள்ள இருந்து உங்களுக்குக் கேக்கல. அதுக்குக் கேட்டுச்சு. கேட்டுட்டு திரும்பச் சொல்லிப் பார்த்துச்சு. முதல்ல சரியா வரல. பாறை உரசுற மாதிரி வந்துச்சு. திருப்பித் திருப்பிச் சொல்லிச்சு. அப்புறம் என் குரலே வந்துடுச்சு. காலையிலிருந்து நான் சொன்ன 'வாங்க'வையும் எடுத்து வச்சிருக்கு. பேசப் பேச அதுக்கு வார்த்தை கிடைக்குதுப்பா. பேசாதீங்க."

அவர் எத்தனை வார்த்தை கொடுத்திருக்கிறோம் என்று எண்ணிப் பார்த்தார்.

இறங்கத் தொடங்கினார்கள். நான்கு பல். பத்து வயதுப் பிள்ளைகள் இறங்குகிற வழி.

அவர் கீழே, அவள் மேலே. அவர் ஒரு படி இறங்கி, கால் ஊன்றி, நிமிர்ந்து, அவளுடைய நல்ல காலைப் பூட்ஸோடு இரண்டு கையாலும் பிடித்து எடுத்து, இருக்கும் பள்ளத்தில் வைப்பார். வைத்ததும் பூட்ஸை இரண்டு தட்டு தட்டுவார். தட்டினால் எடையை இறக்கலாம். உடைந்த காலை அவள் காற்றில் பிடித்திருந்தாள். அவளுடைய மூச்சு பல்லுக்கிடையே விசிலடித்தது. அவர் தன் பக்கத்துக் கல்லைத் தவிர எதையும் பார்க்கவில்லை. ஈரம். பாசி. அரை விரல் விளிம்பு. தட்டு, தட்டு. அடுத்தது.

மேலே, தூரத்தில், பாறையில் இரண்டு தட்டு கேட்டது.

செரைனா நின்றாள். அவர் அவள் கெண்டைக்காலை அழுத்தினார். போவோம். இனி தட்டவில்லை. அழுத்தினார்.

மூன்றாவது பல்லின் இறக்கத்தில் அவள் கை நழுவியது. ஒரு முழம்தான் சரிந்தாள். அவர் தோளில் வந்து விழுந்தாள். உடைந்த கால் பாறையில் இடித்தது.

"அம்மா!"

கையால் வாயைப் பொத்தினாள். காலம் கடந்துவிட்டது. இருவரும் ஒருவரையொருவர் இறுகப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். பனி சொட்டியது.

"அம்மா" என்றது மேலே. அந்த வலியோடு. பிறகு இன்னொரு தடவை, கொஞ்சம் இன்னும் நன்றாக.

அதற்கப்புறம் துமேங் யோசிப்பதை விட்டுவிட்டார். கை. கால். அவள் பூட்ஸ். அழுத்து. கை. கால். முழங்கை கிழிந்தது தெரியவில்லை. நகம் பெயர்ந்தது தெரியவில்லை. இரண்டாவது பல். முதல் பல். வெளிச்சம் மாறியது. வெள்ளை மெலிந்து, மஞ்சளாகி, சட்டென்று கிழிந்தது. முகத்தில் வெயில். காலடியில் புல்.

கணவாய்.

மேகத்தின் அடிப்பரப்பு அவர்கள் தலைக்கு மேல், முதல் பல்லைச் சமமாக வெட்டியது போல நின்றது. அதற்குக் கீழே எல்லாம் வழக்கம் போல இருந்தது. மதிய வெயில், காய்ந்த புல், கீழே எங்கோ மாட்டு மணி. கொஞ்ச தூரத்தில் குடிலுக்குப் போகும் சரளைப் பாதை. அவர் மகளைப் புல்லில் சாய்த்து உட்கார வைத்துவிட்டு, சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார். ஒரு கோடு சிக்னல் இருந்தது. பேசப் பயந்து, மெங்கியாவுக்கு எழுத்தில் அனுப்பினார். 'கணவாயில் இருக்கோம். இவளுக்குக் கால் உடைஞ்சிருக்கு. ஆளோட வா.' அது போனது. அடுத்து, 'வரும்போது கத்தாதே, எங்களைக் கூப்பிடாதே' என்று எழுதினார். அந்தச் செய்தியின் பக்கத்தில் சின்ன வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. போனை உயர்த்திப் பிடித்தார். எழுந்து நின்று பிடித்தார். வட்டம் சுற்றியது.

செரைனா அவர் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். விடவில்லை. அவளைத் தூக்கிக்கொண்டு போய்விடலாம் என்று குனிந்தார். பாறையில் மோதிய முழங்கால் இடம் கொடுக்காமல் அவரும் புல்லிலேயே உட்கார்ந்துவிட்டார். கொஞ்சம் மூச்சு வரட்டும். கொஞ்சம்தான்.

முக்கால் மணி நேரம் கழித்துச் சரளையில் தடி ஊன்றும் சத்தம் கேட்டது. மெங்கியாவின் தலை இன்னும் தெரியவில்லை. அவளுடைய பெரிய, நல்ல குரல் முன்னால் வந்தது. குடிலுக்கு வெளியே நின்று சாப்பாட்டுக்குக் கூப்பிட்டால் எதிர்ச்சரிவு வரை கேட்கும் குரல்.

"துமேங்! செரைனா! எங்க இருக்கீங்க?"

அவர் வாயைத் திறக்கவில்லை. இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி வீசினார், பேசாதே, பேசாதே என்று. பாதையின் வளைவு மறைத்தது.

மேலே, மேகத்துக்குள்ளிருந்து ஒரு ஆண் குரல் பதில் சொன்னது. தொண்டையில் கொஞ்சம் கரகரப்பு, காலையிலிருந்து அவருக்கிருந்த அதே கரகரப்பு.

"வர்றேன்."

"சரி சரி, மெதுவா இறங்கி வாங்க" என்று மெங்கியா நிம்மதியாகச் சத்தம் கொடுத்தாள். தடி சரளையில் தொடர்ந்து ஊன்றியது.

செரைனாவின் விரல்கள் அவர் சட்டையை முறுக்கின. அவர் திரும்பிப் பார்த்தார்.

மேகத்தின் அடிப்பரப்பிலிருந்து, முதல் பல்லின் முகத்தோடு, அவருடைய இடுப்புப் பட்டை இறங்கிக்கொண்டிருந்தது. அவர்கள் கை வைத்த அதே விளிம்புகள் ஒவ்வொன்றிலும் நின்று, கால் தேடுவது போலத் தடுமாறி, பிறகு அடுத்ததற்கு இறங்கியது. இடுப்பு வளையம் உள்ளே ஆள் இருப்பது போல வட்டமாக நின்றது. பாறை முடிந்து புல் வந்தது. அது தரையில் விழவில்லை. கயிறு அதைப் பிடித்திருந்தது. கயிறு பட்டையிலிருந்து நேராக மேலே, முதல் பல்லின் முகத்தோடு, மேகத்துக்குள் போனது. காலையில் செரைனா அவர் முன்னால்தான் அதை அளந்து சுருட்டினாள். முப்பது மீட்டர்தான். நாலு பல் உயரத்துக்கு அது எட்டாது.

புல்லுக்கு மேல் அது அவர்களை நோக்கி வந்தது. காற்று இல்லை. இரண்டடி தள்ளி நின்றது. அவர் நின்றால் அவர் இடுப்பு எந்த உயரத்தில் இருக்குமோ அந்த உயரத்தில். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்ந்தது, உட்கார்ந்திருக்கும் ஒருவருக்குத் தோதாக. மூன்று பக்கிளும் திறந்திருந்தன. தொடை வளையங்கள் கால் நுழைக்க வாகாக விரிந்திருந்தன.

துமேங் எழுந்தார். எப்படியோ எழுந்து, மகளுக்கும் அதற்கும் குறுக்கே போய், கையை விரித்துக்கொண்டு நின்றார்.

பட்டை ஒரு சாண் பக்கவாட்டில் நகர்ந்தது. அவரைத் தொடாமல், மரியாதையாக, அவரைச் சுற்றிக்கொண்டு போய், செரைனாவின் இடுப்புக்கு நேராக நின்றது.